தாய்மாமன் ஏன் மேடை ஏறல? மாற்றுத்திறனாளிகள் ஊரோட கலந்து வாழ்றதுன்னா என்னன்னு ஒரு எளிய விளக்கம்

எங்க பெரியக்கா மக கல்யாணம் போன வைகாசியில திண்டுக்கல் பக்கம் ஒரு மண்டபத்துல நடந்துச்சு. எங்க அண்ணன்தான் தாய்மாமன். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி சாரத்துல இருந்து விழுந்து முதுகுத்தண்டுல அடிபட்டதுல இருந்து அண்ணன் வீல்சேர்லதான் இருக்கு, ஊர்ல சின்னதா ஒரு செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கு. மண்டபத்து வாசல்ல ஏழு படி. கார்ல இருந்து இறங்கி வீல்சேர்ல உக்காந்ததும் எங்க இருந்தோ நாலு பேர் ஓடி வந்தாங்க, ஒருத்தர் சக்கரத்தைப் பிடிச்சாரு, ஒருத்தர் கைப்பிடியை, இன்னொருத்தர் காலு வைக்கிற பலகையைப் பிடிச்சு தூக்க அது கழண்டு கையோட வந்துருச்சு, "மெதுவா மெதுவா"ன்னு சத்தம், அண்ணன் வேட்டி ஒரு பக்கம் விலகிருச்சு, அத்தனை சனமும் திரும்பிப் பார்க்குது. உள்ள கொண்டு போய் முதல் வரிசைக்குப் பக்கத்துல ஃபேனுக்கு நேரா நிப்பாட்டிட்டு "சௌகரியமா இருங்க மாப்ள"ன்னு சொல்லிட்டு போயிட்டாங்க.

மாமன் மாலை போடுற நேரம் வந்துச்சு. மேடை நாலு அடி உயரம். மறுபடி தூக்கவா வேணாமான்னு கீழ பேச்சு ஓடிட்டு இருக்கும்போதே ஐயர் நேரமாகுதுன்னு அவசரப்படுத்த, எங்க சித்தப்பா மகன் மேல ஏறி மாலையைப் போட்டு முடிச்சுட்டான். போட்டோ ஆல்பத்துல பார்த்தா தாய்மாமன் இடத்துல அவன்தான் நிக்கிறான்.

இதுல யாரும் கெட்டவங்க கிடையாது. எல்லாருமே பாசத்துல ஓடி வந்தவங்க. ஆனா அன்னைக்கு எங்க அண்ணன் கல்யாணத்துக்கு வந்துச்சா, இல்ல கல்யாணத்துல கலந்துக்கிச்சா? இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்க வித்தியாசத்தைத்தான் இந்தக் கட்டுரையில சொல்லப்போறேன், ஏன்னா மாற்றுத்திறனாளிகளை சமூகத்துல சேர்க்கணும், பங்கேற்க வைக்கணும்னு பேச்சு நிறைய வருது, அப்படின்னா என்னன்னு கேட்டா பாதிப்பேரு "அவங்களையும் எல்லா இடத்துக்கும் கூட்டிட்டுப் போகணும்"னுதான் சொல்லுவாங்க. கூட்டிட்டுப் போறது ஆரம்பம் மட்டும்தான்.

முதல்ல குறை எங்க இருக்குன்னு பார்க்கணும். நாம பழகுன பார்வை என்னன்னா, குறை அந்த ஆளோட உடம்புல இருக்கு, கால் வரல, கண்ணு தெரியல, அதனால அவரால வர முடியல, பாவம். இன்னொரு பார்வை இருக்கு. அண்ணனுக்கு கால் வராதது உண்மைதான், ஆனா அன்னைக்கு மேடை ஏற முடியாமப் பண்ணுனது கால் இல்ல, நாலடி மேடை. பக்கவாட்டுல ஒரு சாய்தளம் இருந்திருந்தா அதே காலோட அண்ணன் மேல போயிருக்கும். அதாவது உடம்புல இருக்க பாதிப்பு வேற, அதைச் சுத்தி நாம கட்டி வச்சிருக்க தடை வேற. இந்தப் பார்வையை 1970கள்ல இங்கிலாந்துல இருந்த மாற்றுத்திறனாளிகளே பேச ஆரம்பிச்சாங்க, இதுக்கு சமூக மாதிரின்னு பேரு. வைத்தியமே வேணாம்னு இதுக்கு அர்த்தம் இல்ல, வலிக்கு மருந்து வேணும்தான், ஆனா படிக்கு மருந்து கிடையாது, அதை இடிச்சுத்தான் கட்டணும்.

இதே காலத்துல அமெரிக்காவுல நடந்த ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எட் ராபர்ட்ஸ்னு ஒருத்தர், 14 வயசுல போலியோ வந்து கழுத்துக்குக் கீழ ஏறக்குறைய எதுவும் அசையாது, ராத்திரி மூச்சு விடுறதுக்கே இரும்பு நுரையீரல்னு ஒரு பெரிய மெஷினுக்குள்ள படுக்கணும். அவர் காலேஜ் படிக்க உதவி கேட்டப்ப கலிஃபோர்னியா மாநிலத்து மறுவாழ்வுத் துறையில, இவரால வேலைக்கே போக முடியாது, இவருக்கு செலவு பண்ணி என்ன பிரயோஜனம்ங்கிற மாதிரி கைவிரிச்சாங்க. போராடி 1962ல பெர்க்லி யுனிவர்சிட்டியில சேர்ந்தாரு, 1972ல அங்கயே கூட்டாளிங்களோட சேர்ந்து சுதந்திர வாழ்வு மையம்னு ஒன்னு ஆரம்பிச்சாரு, 1975ல எந்தத் துறை அவரை வேணாம்னுச்சோ அதே துறைக்கு இயக்குநரா போய் உக்காந்தாரு.

கதையோட அந்த கடைசி திருப்பம் சினிமா மாதிரி இருக்கும், ஆனா நமக்கு வேண்டிய விஷயம் அதுல இல்ல, அந்த மையம் சொன்ன ஒரு விளக்கத்துல இருக்கு. சுதந்திரமா வாழ்றதுன்னா யார் உதவியும் இல்லாம எல்லாத்தையும் தானே செய்யறதுன்னு நாம நினைக்கிறோம். அவங்க சொன்னது வேற. எட் ராபர்ட்ஸுக்கு குளிப்பாட்டி விடவும் ஆள் வேணும், சோறு ஊட்டவும் ஆள் வேணும், ஆனா எப்ப குளிக்கணும், என்ன சாப்பிடணும், எங்க போகணும், எந்த ஆளை உதவிக்கு வச்சுக்கணும்னு முடிவு பண்றது அவரு. முடிவு யாரு கையில இருக்கோ அவங்கதான் சுதந்திரமா இருக்காங்க. அந்த மண்டபத்து வாசல்ல தூக்குறதா வேணாமா, எப்படித் தூக்குறதுன்னு முடிவு பண்ணுனது ஓடி வந்த நாலு பேரு. அண்ணனைக் கேட்டிருந்தா "கால்பலகையைப் பிடிக்காதீங்க, அது கழண்டுரும், பின்பக்கமா திருப்பி ஒவ்வொரு படியா ஏத்துங்க"ன்னு சொல்லியிருக்கும். அதோட வண்டி பத்தி அதுக்குத்தானே தெரியும்.

சட்டம் பக்கமும் ஒரு எட்டு பார்த்துருவோம். ஐநா சபை 2006ல மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கைன்னு ஒன்னு கொண்டு வந்துச்சு, இந்தியா அதை 2007ல ஏத்துக்கிச்சு, அதோட 19வது பிரிவு முழுக்க இந்த விஷயம்தான், யாரோட எங்க வாழணும்னு தேர்ந்தெடுக்கிற உரிமை, ஊரோட கலந்து வாழ்ற உரிமை. அதை ஒட்டி நம்ம நாட்டுல 2016ல மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்துச்சு. பழைய 1995 சட்டத்துல ஏழு வகை பாதிப்புதான் இருந்துச்சு, புதுசுல 21, ஆட்டிசம், தசைச்சிதைவு, ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டவங்க எல்லாம் உள்ள வந்தாங்க. சமூகத்துல வாழ்ற உரிமைன்னே அதுல தனியா ஒரு பிரிவு இருக்கு, பொதுமக்கள் வந்து போற கட்டடங்கள் அவங்க பயன்படுத்துற மாதிரி இருக்கணும்னும் இருக்கு. ஆனா சட்டத்துக்கு கீழ வந்த விதிகள்ல இதைக் கட்டாயமா சொல்லாம வழிகாட்டுதல் மாதிரி வச்சிருந்தாங்க, 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் இது சரியில்ல, கட்டாய விதியா மாத்துங்கன்னு சொல்லிருச்சு.

பேருக்கு வருவோம். ஊனமுற்றோர்னு இருந்ததை 2010 வாக்குல கலைஞர் முதலமைச்சரா இருந்தப்பதான் மாற்றுத்திறனாளின்னு மாத்துனாரு, துறைக்கும் அதே பேரு வந்துச்சு. எங்க அண்ணன்கிட்ட இதைப் பத்திப் பேசுனா "பேரை மாத்துனீங்க சரி, படியை எப்ப மாத்துவீங்க"ன்னு கேக்கும்.

படியை மாத்துன ஒரு இடத்தைச் சொல்றேன். மெரினா பீச்சுல வீல்சேர் போகணும்னா மணல்ல சக்கரம் புதைஞ்சுரும். பல வருஷமா டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி மட்டும் தற்காலிகமா ஒரு பாதை போடுவாங்க, அப்புறம் எடுத்துருவாங்க. யோசிச்சுப் பாருங்க, சென்னையில பொறந்து வளர்ந்த ஒருத்தர் கடல்ல கால் நனைக்க வருஷத்துல அந்த நாளுக்காக காத்திருக்கணும், அதுவும் கேமரா, மாலை, வரவேற்புரையோட. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் சும்மா போய் சுண்டல் வாங்கித் தின்னுட்டு வர முடியாது. மாற்றுத்திறனாளிகள் விடாம கேட்டுக் கேட்டு 2022 நவம்பர்ல 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை நிரந்தரமா வந்துச்சு. வந்த ரெண்டே வாரத்துல மாண்டஸ் புயல் அடிச்சு அது சேதமாயிருச்சு, என்னடா இதுன்னு ஆயிப்போச்சு, சரி பண்ணி மறுபடி திறந்தாங்க. இப்ப போய்ப் பார்த்தா அந்தப் பாதையில வீல்சேரைவிட முட்டிவலிக்காரப் பாட்டிங்க, கைக்குழந்தைக்காரங்கதான் ஜாஸ்தி நடக்குறாங்க. ஒருத்தருக்காக எதுக்கு இவ்வளவு செலவுன்னு கேக்குறவங்களுக்கு இதுதான் பதில், மண்டபத்துல சாய்தளம் போட்டா முதல்ல சந்தோசப்படுறது அண்டா தூக்குற சமையல்காரங்கதான்.

பீச்சுக்கு பாதை போட்டாச்சு, பீச் வரைக்கும் எப்படி வர்றது? பஸ்ல ஏறணும்னா படி. இதுக்காக மாற்றுத்திறனாளிகள் ஹைகோர்ட் வரைக்கும் போய் பல வருஷம் இழுபறிக்கு அப்புறம் 2024 ஆகஸ்ட்ல இருந்து சென்னையில எம்டிசி புது தாழ்தள பஸ்ஸுங்க ஓடுது, ஸ்டாப்ல நின்னதும் பஸ்ஸே ஒரு பக்கமா சாயும், உள்ள மடிச்சு வச்சிருக்க பலகையை விரிச்சா வீல்சேர் ஏறிரும். ஆனா டிரைவர் ஸ்டாப்பை விட்டு நடுரோட்டுல நிப்பாட்டுனாருன்னா அந்தப் பலகை செங்குத்தா நிக்கும், ஸ்டாப் வரைக்கும் வர்ற பிளாட்பாரத்துல பைக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் நின்னா பஸ் எப்படி இருந்தும் புண்ணியம் இல்ல. வீட்டுல இருந்து போற இடம் வரைக்கும் சங்கிலி மாதிரி, நடுவுல ஒரு கண்ணி அறுந்தா மொத்தமும் அறுந்துரும்.

எங்க அண்ணனுக்கு அந்தக் கண்ணி எப்பவுமே டாய்லெட்லதான் அறும். இது வெளிய பலபேருக்குத் தெரியாது, எனக்கே ரொம்ப நாள் தெரியாது. எங்கயாவது விசேஷத்துக்குப் போகணும்னா முதல்நாள் ராத்திரியில இருந்தே அண்ணன் தண்ணி குடிக்காது. கல்யாணத்தன்னைக்கும் பந்தியில சோத்தைக் கொறிச்சுட்டு, பாயசம் வேணாம், மோர் வேணாம்னு கையை ஆட்டிக்கிட்டே இருந்துச்சு, ஐஸ்கிரீம் குடுத்தவரு சுகர் போலன்னு நினைச்சுட்டாரு. முதுகுத்தண்டு அடிபட்டவங்க இப்படித் தண்ணி குடிக்காம இருந்தா யூரின் இன்ஃபெக்‌ஷன் வரும், கிட்னி வரைக்கும் போகும், அது தெரிஞ்சும் பெண்களும் ஆண்களும் இதைத்தான் பண்றாங்க, ஏன்னா சாதாரண வீல்சேரே 25, 26 இன்ச் அகலம் வரும், மண்டபத்து டாய்லெட் கதவு 24 இன்ச் இருக்கும். முன்னாடி மார்பிள்ல சாய்தளம் போட்டு வீல்சேர் படம் ஒட்டி வச்சிருப்பாங்க, உள்ள ஒரு கதவு கூட நுழையாது.

சாய்தளத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு, 1க்கு 12. ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேணும். நாலடி மேடைக்கு 48 அடி, நடுவுல நின்னு மூச்சு வாங்க சமதளமும் வேணும். அவ்வளவு இடம் எங்கம்மா இருக்குன்னு கேப்பீங்க, நியாயம்தான், அப்ப மேடையை எதுக்கு நாலடி கட்டுனீங்கன்னு அண்ணன் திருப்பிக் கேக்கும். சில இடத்துல பைக் ஏத்துற மாதிரி சரிவா ஒரு பலகையைப் போட்டுட்டு ராம்ப்னு சொல்லுவாங்க, அதுல இறங்குனா நேரா ரோட்டுல போய்த்தான் விழணும்.

இவ்வளவு நேரம் வீல்சேர் பத்தியே பேசிட்டேன், வீட்டுல அதுதான் இருக்குங்கிறதால. ஆனா 21 வகைன்னு சொன்னேன்ல. கண் பார்வை இல்லாதவங்களுக்கு படி பெரிய பிரச்சனையே இல்ல, பஃபே சாப்பாடுதான் பிரச்சனை. ஒரு கையில வெள்ளைத்தடி, ஒரு கையில தட்டு, எந்தக் கையால எடுத்து வைப்பாங்க? நம்ம இலைச்சாப்பாடு இந்த விஷயத்துல எவ்வளவோ மேல், உக்காந்த இடத்துக்கு வரும், உப்பு ஊறுகாய் இடது ஓரம், பொரியல் கூட்டு மேல்பக்கம்னு ஒரு ஒழுங்கும் இருக்கு, பக்கத்துல இருக்கவரு "வலது மூலையில அப்பளம், ரசம் ஊத்தியாச்சு"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நடத்திக் கூட்டிட்டுப் போகும்போது அவங்க கையைப் பிடிச்சு தரதரன்னு இழுக்காதீங்க, உங்க முழங்கையை அவங்க பிடிச்சுக்கிட்டு அரை அடி பின்னாடி வருவாங்க, நீங்க படி ஏறுனா உங்க உடம்பு அசையுறதுலயே அவங்களுக்குத் தெரிஞ்சுரும்.

காது கேக்காதவங்களுக்கு ஊரே அடைச்சுக் கிடக்கும், ஏன்னா நம்ம ஊர் முழுக்க மைக்குல நடக்குது. தண்ணி வராது, ஊசி போடுறாங்க, ரேஷன்ல வேட்டி சேலை குடுக்குறாங்க, எல்லாம் ஆட்டோவுல மைக் கட்டி சொல்லிட்டுப் போவாங்க. அதையே எழுதி வாட்ஸப்ல போட்டா முடிஞ்சுது வேலை, காசு ஒரு ரூவா ஆகாது.

அறிவுசார் குறைபாடு இருக்கவங்ககிட்ட நாம பண்ற தப்பு இன்னும் பெருசு, அவங்க நிக்கும்போதே அம்மாகிட்ட "இவ காபி குடிப்பாளா"ன்னு கேப்போம். அவகிட்ட கேக்கணும், கேட்டுட்டு கொஞ்சம் பொறுக்கணும், பதில் வர அரை நிமிஷம் ஆகலாம், ஆனா வரும். எங்க தெருவுல டவுன் சிண்ட்ரோம் இருக்க பொண்ணு ஒன்னு இருக்கு, 19 வயசு, எந்த விசேஷம்னாலும் அவ வந்து ஓரமா உக்காந்து செல்லு பார்த்துட்டு இருப்பா. போன வருஷம் ஒரு வீட்டு நிச்சயதார்த்தத்துல யாரோ அவகிட்ட வாசல்ல நின்னு சந்தனம் குங்குமம் குடுக்குறியான்னு கேட்டாங்க. அன்னைக்கு ஒரு ஆள் அவளைத் தாண்டி கல்கண்டு எடுக்காம உள்ள போக முடியல, எடுக்காமப் போன பெரியவரைக் கூப்பிட்டு நிப்பாட்டி எடுக்க வச்சா. வேலைன்னு ஒன்னு கையில இருந்தாத்தான் அந்த இடம் நம்ம இடம். விருந்தாளியாவே ஒருத்தரை வாழ்நாள் முழுக்க வச்சிருந்தா அது மரியாதை மாதிரி தெரிஞ்சாலும் வெளிய வச்ச மாதிரிதான்.

மனநல பாதிப்பு இருக்கவங்களை நாம ஒட்டுமொத்தமா ஊருக்கு வெளியதான் வச்சோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் பக்கம் ஏர்வாடியில ஒரு மனநலக் காப்பகத்துல தீ பிடிச்சப்ப சங்கிலியில கட்டியிருந்ததால ஓட முடியாம 28 பேர் செத்தாங்க. இன்னைக்கும் அதைப் படிச்சா வயித்தைப் பிசையும். இதுக்கு நேர் எதிரா ஒரு வழி இருக்கு, சென்னையில 1993ல ஆரம்பிச்ச தி பேன்யன் அமைப்பு 2015ல இருந்து ஹோம் அகெய்ன்னு ஒன்னு நடத்துது. வருஷக்கணக்கா ஆஸ்பத்திரியிலயே கிடந்து வீட்டுக்குத் திரும்ப வழியில்லாதவங்க நாலஞ்சு பேரா சேர்ந்து சாதாரண தெருவுல வாடகை வீட்டுல இருப்பாங்க, உதவிக்கு ஆள் இருப்பாங்க, சமைக்கிறது, கடைக்குப் போறது, பக்கத்து வீட்டுக்காரங்களோட பேசுறது எல்லாம் அவங்க பாடு. பூட்டு போட்ட வார்டுல என்ன சாப்பாடுன்னு கூட அவங்க முடிவு பண்ணியிருக்க மாட்டாங்க, இங்க இன்னைக்கு என்ன குழம்புன்னு அவங்களுக்குள்ள சண்டை வரும். அந்தச் சண்டை போடுற உரிமையைத்தான் நான் சொல்றேன்.

ஊர் விஷயத்துல முடிவு எடுக்குற இடத்துலயும் அவங்க இருக்கணும். நம்ம மாநிலத்துல கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடும், அது எங்க கூடுது? பள்ளிக்கூடத்துத் திண்ணையில, சமுதாயக் கூடத்துல, எல்லாம் படி. எங்க ஊர்ல ஒரு தடவை அண்ணன் கீழ நின்னுக்கிட்டே சாக்கடை பத்திக் கத்திக் கத்திப் பேசிட்டு வந்துச்சு, அடுத்த தடவை வேப்பமரத்தடிக்கு மாத்திட்டாங்க, ஜமுக்காளம் போடுற செலவுதான். 2025 ஏப்ரல்ல சட்டசபையில சட்டத்தைத் திருத்தி ஊராட்சியில இருந்து மாநகராட்சி வரைக்கும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினரா கொண்டு வந்தாங்க. நல்ல விஷயம்தான். ஆனா உறுப்பினர் ஆனவரு ஆபீஸ் மாடிப்படியை எப்படி ஏறுவாருன்னு எங்க அண்ணன் கேட்டுச்சு, மாடியில ஊராட்சி ஆபீஸ் வச்சிருக்க ஊருங்க பதில் சொல்லட்டும்.

சரி, நாம என்ன பண்றது. கேக்கணும், அவ்வளவுதான், ஆனா சரியாக் கேக்கணும். "உதவி வேணுமா"ன்னு கேட்டுட்டு பதில் வர்றதுக்குள்ள வீல்சேரைத் தள்ள ஆரம்பிக்கிறவங்க இருக்காங்க. "எப்படிப் பண்ணட்டும்"னு கேட்டா அவங்களே சொல்லுவாங்க. வேணாம்னு சொன்னா வேணாம்தான், கோவிச்சுக்கக் கூடாது. கூடவே வந்தவங்ககிட்ட பேசாம அவங்ககிட்டயே பேசணும். துணிக்கடையில "சாருக்கு என்ன சைஸ்"னு என்கிட்ட கேப்பாங்க, நானும் பல வருஷம் பழக்கதோசத்துல 40ன்னு பதில் சொல்லிட்டு இருந்திருக்கேன், ஒரு நாள் அண்ணன் "எனக்கு வாயில அடிபடலடி"ன்னுச்சு, அதுல இருந்து நான் பேசுறதில்ல, கூரையைப் பார்த்துட்டு நிப்பேன், கடைக்காரர் வேற வழியில்லாம அண்ணன் பக்கம் திரும்புவாரு.

விசேஷம் வைக்கிறவங்க பத்திரிகை குடுக்கும்போதே கேட்டுரலாம். எங்க சின்னவனுக்கு தை மாசம் காதுகுத்து வச்சோம், மாமன் மடி வேணும்ல, அதனால மண்டபம் பார்க்கும்போது ஒவ்வொரு இடத்துக்கும் போன் போட்டு டாய்லெட் கதவு எத்தனை இன்ச்சுன்னு கேட்டேன். ரெண்டு பேர் சிரிச்சாங்க, ஒருத்தர் "எல்லாரும் போறதுதாம்மா"ன்னாரு, நாலாவது மண்டபத்து மேனேஜர் மட்டும் லைன்லயே இருங்கன்னு சொல்லிட்டு டேப்பை எடுத்துட்டுப் போய் அளந்து 30ன்னாரு, அங்கயே அட்வான்ஸ் குடுத்துட்டேன். மேடை வேணாம்னு ஹால் நடுவுலயே ஜமுக்காளத்தை விரிச்சு ஆசாரியை உக்கார வச்சோம். ஆசாரிக்கு கை எட்டாதுன்னு அவருக்கு ஒரு ஸ்டூல் போட வேண்டியதாப் போச்சு. பையன் வீல்சேர்ல மாமன் மடியில உக்காந்து காது கிழியுற மாதிரி கத்துனான், அண்ணன் அவன் தலையை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கிச்சு, போட்டோவுல ரெண்டு பேர் மூஞ்சியும் அழுமூஞ்சியா இருக்கு. அன்னைக்கு அண்ணன் ரெண்டு காபி குடிச்சுச்சு, பாயசம் ரெண்டாந்தரம் கேட்டு வாங்குச்சு.

இன்னொன்னு சொல்ல மறந்துட்டேன். வீல்சேர் பின்னாடி கைப்பிடியில பையை மாட்டாதீங்க, அது அவங்க உடம்புல ஒரு பாகம் மாதிரி, அவங்களைக் கேக்காம சாயுறது, காலை வைக்கிறது, துண்டைப் போடுறது எதுவும் கூடாது, வெயிட் ஏறுனா வண்டி பின்பக்கமா கவுந்துரும். இவ்வளவு தெரிஞ்ச எங்க வீட்டு விசேஷத்துலயே கிளம்புற நேரத்துல பார்த்தா அண்ணன் வண்டியில ஏழு தாம்பூலப் பை தொங்குது, அதுல ரெண்டு என்னுது. திரும்பிப் பார்த்துட்டு "நான் என்ன செவுத்துல அடிச்ச ஆணியாடி"ன்னுச்சு.